டாக்டரைப் பார்த்தாலே அலறுகிறாள், என்ன செய்யலாம்?

மகளுக்கு இரண்டு வயது. டாக்டர் அறைக்குள் நுழைந்தாலே அழுகைதான். எடை, உயரம் பார்ப்பதை எப்படியோ முடித்துவிடுகிறோம். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதும் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்ப்பதும்தான் பெரும்பாடு. மடியில் உட்காரவைத்து, தலையை மார்போடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார் டாக்டர், ஓரளவு உதவுகிறது. பொம்மை ஸ்டெதாஸ்கோப் வைத்து வீட்டிலேயே விளையாடிப் பழக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உண்மையிலேயே பயம் குறைந்ததா?

அப்புறம் இன்னொன்று. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும், அது தெரியும். இந்த வயதில், லேசாகச் சுட்டாலும் ஓடி விளையாடுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், சிறுநீரும் சரியாகப் போகிறது என்றால் ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்பீர்களா? வீட்டில் ஆளுக்கொரு கருத்து! மருந்து அளவெல்லாம் டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன், அனுபவத்தை மட்டும் சொல்லுங்கள்.