புதிய கல்லூரி முதல்வருக்குத் தொலைநோக்கு உரை எழுதித் தரச் சொல்கிறார்கள், ஏழு நிமிடத்தில் என்ன சொல்லலாம்?

பிப்பெட்:

வணக்கம். தென் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர் நான். எங்கள் முதல்வர் மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். அடுத்து பொறுப்பேற்பவர் எங்கள் இயற்பியல் துறைத் தலைவர். பதினோரு வருடம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவர். கையில் சாவிக்கொத்து இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நல்ல மனிதர், மேடைப் பேச்சு மட்டும் வராது.

ஜூன் முதல் வாரம் பொறுப்பேற்பு விழா. அதில் கல்லூரியின் தொலைநோக்கை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று செயலர் சொல்லிவிட்டார். 2030 என்ற எண் கட்டாயம் வர வேண்டுமாம். புதிய முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்கதான் ஆண்டு மலர்ல எழுதுறீங்களே, ஏழு நிமிஷத்துக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்றார்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் தேடியபோது முந்தைய முதல்வர் 2019இல் பொறுப்பேற்றபோது படித்த உரை கிடைத்தது. தலைப்பு 'தொலைநோக்கு 2025'. உலகத் தரம், முழுமையான ஆளுமை வளர்ச்சி, தொழில்துறையுடன் கைகோப்பு, ஆராய்ச்சிப் பண்பாடு. 2025 என்பதை 2030 ஆக்கினால் வேலை முடிந்தது. உண்மையில் அப்படித்தான் செய்தேன். பத்து நிமிடம் கழித்து வெட்கமாக இருந்தது. அந்த உரையைப் படித்த அன்று கெட்டுப்போன எங்கள் ஆய்வக ப்யூம் ஹூட், அதாவது புகையை வெளியே இழுக்கும் கூண்டு, இன்னும் ஓடவில்லை. அமிலப் புகை வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வகுப்பு எடுக்கிறோம்.

இந்த மாதிரி உரைகளில் எதையாவது உருப்படியாகச் சொல்ல முடியுமா? யாராவது சொல்லியிருக்கிறார்களா?


ஷிஃப்ட் டூ:

சார், நான் சுயநிதிப் பிரிவு, அதாவது அரசு சம்பளம் இல்லாத மதியப் பிரிவு. உங்கள் ஊர் இல்லை, ஆனால் எல்லா ஊரும் ஒன்றுதான். பொறுப்பேற்பு விழாவில் கடைசி மூன்று வரிசை எங்களுக்கு. தொலைநோக்கு என்று ஆரம்பித்தாலே நாங்கள் போனை எடுத்துவிடுவோம். "மதியப் பிரிவு ஆசிரியர்களுக்கு மாதம் இந்தத் தேதிக்குள் சம்பளம்" என்று ஒரு வரி மட்டும் உங்கள் முதல்வர் சொல்லட்டும். கடைசி மூன்று வரிசையும் தலையை நிமிர்த்தும்.

அப்புறம் நூலகம். எங்களுக்கு வகுப்பு முடிவது ஐந்தரை. நூலகம் மூடுவது நாலரை.


கோப்பு எண் 7:

எட்டு வருடமாக ஐ.க்யூ.ஏ.சி. என்ற கல்லூரித் தர உறுதிக் குழுவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு நாக். அதன் மதிப்பீட்டின் ஏழு அளவுகோல்களில் ஆறாவது நிர்வாகம், தலைமை, மேலாண்மை பற்றியது. அதன் முதல் பகுதியே நிறுவனத்தின் தொலைநோக்கும் தலைமையும்தான். உங்கள் முதல்வர் நாக்கில் வருவதெல்லாம் கடைசியில் நாக்குக்குத்தான் போகும். மேடையில் 'ஆராய்ச்சிப் பண்பாடு' என்றால் பின்னால் அதற்கு ஆதாரம் தேடி அலைவது உங்களைப் போன்ற ஓர் உதவிப் பேராசிரியர். அதனால் குறைவாகச் சொல்லுங்கள். சொன்னதற்குக் கோப்பு இருக்கட்டும்.


வரலாற்று வாத்தியார்:

பிப்பெட் தம்பிக்கு வணக்கம். முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். ஆறு முதல்வர்கள் பொறுப்பேற்பதைப் பார்த்திருக்கிறேன், ஆறு பொன்னாடை, ஆறு உரை. ஒன்றிலிருந்தும் ஒரு வாக்கியம் நினைவில் இல்லை. ஆனால் நான் நேரில் கேட்காத உரை ஒன்று நினைவில் நிற்கிறது. நீங்கள் வேதியியல் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும்.

சார்லஸ் எலியட் என்று ஒருவர். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உங்களைப் போல வேதியியல் உதவிப் பேராசிரியராக இருந்தார். 1863இல் அங்கே காலியான பேராசிரியர் பதவி இவருக்குக் கிடைக்கவில்லை, வேறொருவருக்குப் போய்விட்டது. மனிதர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். இரண்டு வருடம் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பள்ளி, கல்லூரி, தொழிற்கல்விக்கூடம் என்று சுற்றி, எது எப்படி நடக்கிறது என்று குறித்துக்கொண்டார். திரும்பிவந்து எம்.ஐ.டி.யில் (நம் சென்னையில் இருப்பது அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) வேதியியல் நடத்தினார். அப்போது எம்.ஐ.டி. நேற்றுப் பிறந்த குழந்தை. 1869 தொடக்கத்தில் 'அட்லாண்டிக்' இதழில் 'புதிய கல்வி' என்று இரண்டு பகுதிக் கட்டுரை எழுதினார். அதே வருடம், முப்பத்தைந்து வயதில், தன்னை வேண்டாம் என்ற ஹார்வர்டுக்கே தலைவரானார். அதுவும் சும்மா நடக்கவில்லை. மேற்பார்வைக் குழு முதலில் இவர் பெயரை ஏற்கத் தயங்கியது, பிறகுதான் சம்மதித்தது.

1869 அக்டோபர் 19 அன்று பொறுப்பேற்பு உரை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். உங்கள் செயலர் பாவம், ஏழு நிமிடத்தோடு விட்டார். அக்காலத்துப் பெரிய சண்டை, கிரேக்கமும் லத்தீனுமா, அறிவியலா என்பது. எலியட் எடுத்த எடுப்பிலேயே, முடிவில்லாத அந்தச் சண்டையில் இன்று நமக்கு நடைமுறைப் பாடம் எதுவும் இல்லை என்றார். மொழியா அறிவியலா, கணிதமா மெய்யியலா என்றால் எல்லாம் வேண்டும், ஒவ்வொன்றும் அதனதன் சிறந்த நிலையில் வேண்டும் என்றார்.

இது வரை யார் வேண்டுமானாலும் பேசலாம். வித்தியாசம் அதற்கு அப்புறம். பேராசிரியர் சம்பளத்தை ஆண்டுக்கு 3000 டாலரிலிருந்து 4000 ஆக்கினார்கள், அதே 1869இல். (ஷிஃப்ட் டூ கவனிக்க.) அடுத்து மருத்துவப் பள்ளியில் கை வைத்தார். அங்கே மாணவர் கட்டணத்தைப் பேராசிரியர்களே வாங்கிப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். தேர்வு என்பது ஒவ்வொரு பேராசிரியரும் சில நிமிடம் வாய்மொழியாகக் கேட்பது. பெரும்பான்மைப் பாடத்தில் தேறினால் டாக்டர். அதாவது சில பாடங்களில் ஒன்றுமே தெரியாதவரும் ஊசி போடக் கிளம்பலாம். எலியட் எழுத்துத் தேர்வு வேண்டும், எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும், கட்டணம் பல்கலைக்கழகக் கஜானாவுக்கு வர வேண்டும் என்றார். மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் கூட்டத்தில், எண்பது வருடமாக நாங்களே நன்றாக நடத்திக்கொண்டு வருகிறோமே, இப்போது எல்லாவற்றையும் மாற்ற என்ன அவசியம் வந்தது என்று கேட்டார். எலியட் அமைதியாகச் சொன்ன பதில்: அதற்குக் காரணம் எளிது, புதிய தலைவர் வந்திருக்கிறார்.

ஆள் நாற்பது வருடம் இருந்தார், 1909 வரை. மாணவர் தாமே பாடம் தேர்ந்தெடுக்கும் முறைதான் அவருடைய பெரிய கனவு. அது ஒரே சர்குலரில் வந்துவிடவில்லை. கடைசி ஆண்டுக்குக் கட்டாயப் பாடம் நீங்கியது 1872இல். மூன்றாம் ஆண்டுக்கு 1879, இரண்டாம் ஆண்டுக்கு 1884. மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இறக்கினார். இன்று நம் கல்லூரிகளில் 'எலெக்டிவ்' என்று ஒன்று இருக்கிறதே, அதன் பாட்டனார் இவர்தான். நம்மிடம் பெயர் எலெக்டிவ், தேர்ந்தெடுப்பது துறைத் தலைவர். அது வேறு கதை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எலியட் இரண்டு வருடம் ஊர் ஊராகப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். உங்கள் முதல்வர் பதினோரு வருடம் ஹாஸ்டல் சாவியோடு சுற்றியிருக்கிறார். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வருகிறான் என்பது அவருக்குத் தெரியும். உரையை நீங்கள் எழுதாதீர்கள். அவரைப் பேச வைத்து, கேட்டு எழுதுங்கள்.


ஜன்னல் ஓரம்:

வாத்தியார் ஐயா கதையை அழகாகச் சொன்னார், பாதியை விட்டுவிட்டார். அதே உரையில் எலியட், பெண்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொன்னார். பெண்களின் இயல்பான அறிவுத்திறன் பற்றி உலகத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். எல்லாம் வேண்டும் என்று தொடங்கியவர் யாரெல்லாம் வேண்டும் என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

எனக்கு உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்கா போக மாட்டேன், மெரினா கடற்கரைக்குப் போவேன். 1914இல் சென்னையில் அரசு முதன்முதலாகப் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியது. முதல்வராக வந்தவர் டொரத்தி டி லா ஹே. இடம், கேப்பர் ஹவுஸ் என்ற கடற்கரை பங்களா. அதுதான் 1917இல் ராணி மேரி கல்லூரி ஆனது. தங்க இடமிருந்தால்தான் வெளியூர்க்காரர்கள் மகளை அனுப்புவார்கள். அதனால் பக்கத்திலிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கல்லூரியோடு சேர்ந்தன. அந்த அம்மையார் 1936 வரை முதல்வராக இருந்தார். எனக்குத் தொலைநோக்கு என்றால் அடுத்த வீட்டை எப்போது வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான்.

பிப்பெட் சார், உங்கள் கல்லூரியில் மாணவிகள் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா?


வரலாற்று வாத்தியார்:

மேடம் சொல்வது சரி. விட்டது என் தப்பு. ஹார்வர்ட் பெண்களுக்கு ராட்கிளிஃப் என்று தனிக் கல்லூரியாக அங்கீகாரம் கிடைக்க 1894 ஆயிற்று. எலியட்டின் பாடத்தேர்வு முறையையும் அடுத்து வந்த லோவெல் பாதி சுருட்டிவைத்தார். ஒரு துறையில் ஆழமாகப் படித்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. எலியட்டைச் சாமியாக்க நான் வரவில்லை.


பிப்பெட்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எலியட் சம்பளத்தைக் கூட்டினார், சரி. எங்கள் முதல்வர் என்ன செய்வார்? அரசு உதவிபெறும் பிரிவின் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. ஒரு காலிப் பணியிடம் நிரப்ப ஆர்.ஜே.டி. எனப்படும் மண்டல இணை இயக்குநர் அலுவலகம், கல்லூரிக் கல்வி இயக்ககம் என்று கோப்பு போக வேண்டும். மீதி அதிகாரம் செயலரிடம். 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் சட்டப்படி கல்லூரிக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் முதல்வர் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். அவர் கையில் இருப்பது கால அட்டவணையும் சாவிக்கொத்தும்.


ஷிஃப்ட் டூ:

சாவிக்கொத்து போதும் சார். நூலகச் சாவி அதில்தானே இருக்கிறது?


கோப்பு எண் 7:

மேடம் கேட்ட கணக்கை முதலில் எடுங்கள். அது நாக்கில் ஏழாவது அளவுகோலுக்கும் உதவும். (மன்னியுங்கள், பழக்க தோஷம்.)


பிப்பெட்:

விழா முடிந்தது. என்ன நடந்தது என்று சொல்லாமல் போனால் மரியாதையில்லை.

வாத்தியார் ஐயா சொன்னபடி போன சனிக்கிழமை முதல்வரோடு ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்தேன். நான் எழுதிய நாலு பக்கத்தைப் படித்துவிட்டு, "இதுல நம்ம காலேஜ் எங்க இருக்கு தம்பி?" என்றார். அப்புறம் தானாகப் பேசினார், ஒன்றரை மணி நேரம். எலியட் அளவுக்கே வந்துவிட்டது. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் செமஸ்டரில் எந்த வாரத்தில் நின்றுபோகிறார்கள் என்று விரல் விட்டுச் சொன்னார். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்புவதில்லையாம். அங்கே ஏதாவது வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள். வார்டனாக இருந்தபோது அந்த வாரம் வீடு வீடாகப் போன் செய்வாராம். இத்தனை வருடம் ஒரே வளாகத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது.

விழாவில் நாலு நிமிடம்தான் பேசினார். பேப்பரைக் கையில் வைத்திருந்தார், பார்க்கவில்லை. சொன்னது மூன்று. நூலகம் இன்று முதல் ஆறரை வரை திறந்திருக்கும், சாவிக்கு அவரே பொறுப்பு. மதியப் பிரிவு நடக்கும் கட்டடத்தில் மாணவிகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை இருக்கிறது, பொங்கலுக்குள் இன்னும் மூன்று. ஆயுத பூஜை முடிந்த மறு வாரம் ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பில் வராத பிள்ளைகளுக்குப் போன் செய்ய வேண்டும், அவரும் முதலாண்டு இயற்பியல் பட்டியலை எடுத்துக்கொள்வார். "அடுத்த ஜூன்ல இதே மேடைல எது நடக்கலன்னு நானே சொல்றேன்" என்று முடித்தார். சம்பளத் தேதி பற்றிக் கேட்டிருந்தேன். தன் கையில் இல்லாததைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். ஷிஃப்ட் டூ சார், அதில் எனக்கு வருத்தம்தான்.

கைதட்டல் சுமார். செயலர் கீழே இறங்கும்போது என்னிடம், "2030 வரவே இல்லையே?" என்றார்.

ப்யூம் ஹூட்டை எலெக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்துவிட்டார். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறதாம், பெல்ட் போயிருக்கிறது. ஆறு வருடமாக ஒரு பெல்ட். மதுரையிலிருந்து வர வேண்டும்.