மறு: ஸ்டேட்டிக் தளம் – 'நிலையான தளம்' சரிதானா?

வணக்கம்.

> முதன்முதலாகச் சொந்தத் தளம் தொடங்குபவர்களுக்கான கையேட்டில் ஸ்டேட்டிக் சைட் = நிலையான தளம், டைனமிக் சைட் = இயங்கு தளம் என்று போடலாமா?

இரண்டாவதை முதலில் தள்ளிவிடுவோம். இயங்குதளம் என்றால் விண்டோஸ், லினக்ஸ் என்று எப்போதோ ஊன்றிவிட்டது. நடுவில் ஓர் இடைவெளி விட்டுப் பொருளை மாற்ற முடியாது.

'நிலையான' என்பதைப் புதியவர் படித்தால், அழியாத தளம் அல்லது மாற்ற முடியாத தளம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டும் தவறு. கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினால் பக்கம் மாறிவிடும். 'அசையாத' என்று சொல்லவும் வழியில்லை. ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்தால் படங்கள் ஓடும், பட்டியல்கள் விரியும்.

வேறுபாடு பக்கம் எப்போது உருவாகிறது என்பதில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருள் டைனமிக் வகை. அதில் பொதுவாக வாசகர் கேட்கும்போதுதான் வழங்கி (சர்வர்) பிஎச்பி நிரலை ஓட்டி, தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பக்கத்தைக் கோத்துத் தருகிறது. ஸ்டேட்டிக் தளத்தில் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் முதலிய கோப்புகள் முன்பே தயாராக இருக்கும். வழங்கி அப்படியே எடுத்து அனுப்பும். 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் வெளியிட்ட முதல் தளமும் இந்த வகைதான்.

ஆகவே என் முன்மொழிவு: ஆயத்தப் பக்கம், உடனாக்கப் பக்கம். ஆயத்த ஆடை என்பது கடைப் பலகையிலேயே இருக்கிற சொல். தைத்து வைத்ததை எடுத்துக் கொடுப்பதும் அளவெடுத்துத் தைப்பதும் வேறு என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

'ஆயத்தத் தளம்' என்றால் நாக்கு இடறுகிறது. அதனால்தான் பக்கத்தோடு சேர்த்தேன். தளம் என்று சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் 'ஆயத்தப்பக்கத் தளம்'. நீளம்தான், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

> ஸ்டேட்டிக் என்றே விட்டுவிட்டால் என்ன?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும், சண்டையில்லை. ஆனால் இந்த வேறுபாடு பிடிபடாவிட்டால் தளத்தை எங்கே ஏற்றுவது என்றே முடிவெடுக்க முடியாது. கிட்ஹப் பேஜஸ் என்ற தளமேற்றும் சேவை, கோப்புகளை வைக்கும் களஞ்சியம் எல்லோரும் பார்க்கும்படி பொதுவாக இருந்தால் இலவசம். ஆனால் அங்கே பிஎச்பி ஓடாது. நியோசிட்டீஸ் என்ற சேவையிலும் அப்படியே. வேர்ட்பிரஸ் கோப்புகளை அங்கே ஏற்றிவிட்டுத் தளம் ஏன் வரவில்லை என்று கேட்பவருக்கு, 'அது ஆயத்தப் பக்கங்களுக்கான இடம்' என்ற ஒரு வரி போதும்.

அப்புறம், ஹோஸ்டிங்குக்கு (தளத்தை வழங்கியில் வைத்திருப்பதற்கு) 'விருந்தோம்பல்' வேண்டவே வேண்டாம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.