சங்கீத கிளாஸுக்குள்ள போன், சுருதி ஆப், சூம்: உங்களுக்கு நடந்ததையும் போடுங்கோ

உவர்மலை டீச்சர்:
ஓஎல் சங்கீத செயன்முறைப் பரீட்சைக்கு தரம் 11 பிள்ளையள ரெடி பண்ணிக்கொண்டிருந்த நேரம். சுருதிப்பெட்டி பழுதாகி அலுமாரிக்குள்ள கிடக்கு, இப்ப எல்லா ஸ்கூல்லயும் சுருதிக்குப் போடுற தம்புரா எண்டா போன்ல இருக்கிற ஆப் தானே. சுருதிய 5 கட்டையில வச்சிட்டு ஒரு பிள்ளைய சம்பந்தரிட திருக்கோணமலைப் பதிகம் பாடச் சொன்னன், பூபாள ராகத்தில. நல்ல குரல் அவவுக்கு. ரெண்டாவது பாட்டுக்கு போகேக்க ஆரோ ராங் கோல் எடுத்தாங்க, தம்புரா நிண்டு போன் ரிங் பண்ணத் தொடங்கிட்டு. கட் பண்ணிட்டன், ஆனா ஆப் திரும்ப ஓடேல்ல. "பரவாயில்ல பிள்ள, அப்பிடியே பாடுங்கோ" எண்டா அவவுக்கு ஸ, அதான் பாட்டு நிக்கிற அடிச் சுரம், பிடிக்கத் தெரியேல்ல. வாயத் திறக்கிறா, மூடுறா, போனையே பாக்கிறா. கொஞ்சத்துக்கு முன்னம் அவ்வளவு வடிவா பாடின பிள்ள. நான் ஸ பாடிக் காட்டின பிறகுதான் தொடங்கினா, அதுவும் அரைக்கட்டை இறங்கி. ஆறாம் வகுப்பில இருந்து ஆப்போட மட்டுமே பாடின பிள்ளையள் இதுகள். உங்கட வகுப்புகள்ளயும் இப்பிடியா?

நிலாவெளி ரோட்:
டீச்சர் உங்களுக்கு கோல் வந்தது, எங்கட டீச்சருக்கு ட்யூனர் வந்தது 😄 ஏஎல் படிக்கேக்க எங்கட செட்ல ஒருத்தன் கிட்டார் பழகினவன், அவன்ட போன்ல, சுரம் சரியா பிழையா எண்டு பச்சை, சிவப்பில காட்டுற ட்யூனர் ஆப் இருந்திச்சு. டீச்சர் தோடி ராகம் பாடிக்கொண்டிருக்கிறா, இவன் மேசைக்குக் கீழ போன வச்சுப் பாத்திட்டு கைய உயத்தி, "டீச்சர் உங்கட காந்தாரம் பிழை, சிவப்பு காட்டுது" எண்டான். கிளாஸ் அப்பிடியே உறைஞ்சிட்டு. டீச்சர் ஏசேல்ல, போன வாங்கி முன் மேசையில வச்சிட்டு தோடி காந்தாரத்த, அதான் ஸரிகமவில வாற க, மெல்ல மெல்ல இழுத்து பாடினா, ட்யூனர் முள்ளு ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) இடையில போய்ப் போய் வருது, ஒரு இடத்தில நிக்குதே இல்ல. பிறகு ஸ மட்டும் பாடினா, பச்சை. ப பாடினா, பச்சை. "இப்ப சொல்லுங்க தம்பி, எது பிழை" எண்டு கேட்டா. அந்த ட்யூனருக்கு ஒரு ஸ்தாயிய சமனா 12 துண்டா வெட்டத்தான் தெரியும், கமகத்த, அதான் சுரத்த ஆட்டிப் பாடுறத, எந்தத் துண்டில போடுறது அது. நோட்ஸ்ல எழுதித் தந்த எதுவும் இப்ப ஞாபகம் இல்ல, அந்த முள்ளு ஆடினது மட்டும் அப்பிடியே இருக்கு.

மூதூர் அம்மா:
எனக்கு சங்கீதம் தெரியாது, மகளுக்காகத்தான் எழுதுறன். கொரோனா நேரம் சூம்ல கிளாஸ். வீட்டில ஒரு போன், சிக்னல் மாமரத்தடியில மட்டுந்தான். டீச்சர் "சுருதி போட்டுப் பாடுங்க" எண்டா, மகள் சுருதிப்பெட்டிய போட்டுட்டுப் பாடுறாள். டீச்சர் "சுருதி போடுங்க பிள்ள" எண்டு திரும்பவும். நான் போனுக்குள்ள எட்டிப் பாத்து "போட்டிருக்கு டீச்சர், எனக்கே கேக்குது" எண்டன். "அம்மா பொய் சொல்லாதீங்க" எண்டு அவ்வளவு பிள்ளையளுக்கும் முன்னால சொன்னா. பெட்டி என்ட மடியில கிடந்து ஊஊ எண்டு கத்திக்கொண்டிருக்கு! பிறகு என்ட தம்பிதான் சொன்னான், ஒரே மாதிரி விடாமக் கேக்கிற சத்தத்த சூம் ஃபேன் சத்தம் எண்டு நினைச்சு தானாவே அழிச்சிடுமாம். மகள் அடுத்த வருசம் சித்திரத்துக்கு மாறிட்டாள். அந்த டீச்சர எங்கயாவது கண்டா அந்தப் பெட்டியக் காட்டோணும் எண்டு இருக்கு.

சவுண்ட் அண்ணா:
மூதூர் அம்மா, சூம் செட்டிங்ல "ஒரிஜினல் சவுண்ட்" எண்டு ஒண்டு இருக்கு, அத ஓன் பண்ணினா சுருதிய அழிக்காது. எனக்கு நடந்தது சின்ன விசயம்: ஒரு தமிழ்த்தினப் போட்டிக்கு சவுண்ட் போடப் போனனான், ஒரு ஸ்கூல் புளூடூத் ஸ்பீக்கரோட வந்து நிண்டுது, மேடையில மிருதங்கம் அடிச்ச தம்பி போன் திரையில ஓடுற தாளத்தப் பாத்து அடிச்சான், ஸ்பீக்கர்ல வந்த ட்ராக்குக்குக் கொஞ்சம் முன்னாலயே நிண்டான், நடுவர் தலைய ஆட்டினார், பிள்ளை அழுதிட்டு. பிழை அவன்ட இல்ல. போன்ல இருந்து புளூடூத்துக்குப் போய்ச் சேர ஒரு சின்ன லேட் இருக்கும், பாட்டுக் கேக்கேக்க தெரியாது, திரையப் பாத்து தாளம் போடேக்க கட்டாயம் தெரியும். ஆனபடியா எல்லா டீச்சர்மாரும் கேளுங்கோ. முதல் விசயம் வயர், போனையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற ஓக்ஸ் வயர் ஒண்டு பையில எப்பவும் இருக்கோணும். ரெண்டாவது, பாடத் தொடங்க முதல் ஏரோபிளேன் மோட், உவர்மலை டீச்சருக்கு வந்த பிரச்சனை அதோட சரி. யூடியூப்ல தம்புரா போடாதீங்க, நடுவில விளம்பரம் வரும், டவுன்லோட் பண்ணினத வச்சுக்கொள்ளுங்கோ. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினது மறந்து போச்சா, பற்றரியில ஓடுற பெட்டி ஒண்டு ஸ்கூல்ல கட்டாயம் வேணும். கீபோர்ட் இருக்கிற ஸ்கூல் எண்டா சுருதி மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டனப் பழகுங்கோ, 1 கட்டை எண்டா சி, 5 கட்டை எண்டா ஜி. கீபோர்ட்ல தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை வாசிச்சுக் காட்டலாம், கமகத்துக்கு அது சரிவராது, சுரத்த வளைக்கிற பிட்ச் பென்ட் சில்லு இருந்தாலும் நம்பி இறங்காதீங்க. இன்னொண்டு, கலவன் பாடசாலையில 9ம் 10ம் ஆண்டு பொடியளுக்கு குரல் உடையிற வயசு, பொம்பிளப் பிள்ளையளிட 5 கட்டையில அவங்களையும் சேத்துப் பாட வைக்காதீங்க, ஆப்ல சுருதி மாத்த ஒரு செக்கன், அந்த ஒரு செக்கனுக்குப் பஞ்சிப்பட்டு கன பொடியள் சங்கீதத்த விட்டுட்டுப் போறாங்கள். போன் கேஸ கழட்டிட்டு வச்சா சத்தம் இன்னும் கொஞ்சம் தெளிவா...

பென்சன் எடுத்த சேர்:
தம்பி, உவர்மலை டீச்சர் ஏரோபிளேன் மோட் கேக்கேல்ல. பிள்ளைக்கு ஸ எங்க இருக்கு எண்டு தெரியேல்ல எண்டுறா, அத முதல் வாசியும். நாங்க படிக்கேக்க துருத்தி அமத்துற சுருதிப்பெட்டி, அமத்துறவன் நித்திரையானா சுருதி போயிடும், அந்த நேரம் நாங்களே பிடிச்சுக்கொண்டு நிப்பம். இந்த ஆப் நித்திரை கொள்ளாது, அதுதான் கரைச்சல். போன கிளாஸுக்கு வெளியில வைக்கோணும்.

நிலாவெளி ரோட்:
சேர் நீங்க சொல்றத மதிக்கிறன், ஆனா போன வெளியில வைக்கச் சொன்னா வயலினையும் வெளியில வைக்கோணுமே? அது வெள்ளைக்காரன்ட வாத்தியம், முத்துசாமி தீட்சிதரிட தம்பி பாலுசாமி தீட்சிதர் எடுத்து வாசிச்ச பிறகுதானே எங்கட கச்சேரிக்குள்ள வந்தது. ஹார்மோனியத்த இந்திய வானொலி 1940ல தடை செய்து 1971 வரைக்கும் வச்சிருந்தது, அந்த நேரமும் கமகம் வராது எண்டுதான் கத்தினவங்க. இப்ப பஜனைக்கு ஹார்மோனியம் இல்லாத கோயில் எங்க இருக்கு?

பென்சன் எடுத்த சேர்:
வயலின வாசிக்கிறவன் தன்ட காதால சுருதி சேக்கோணும். போன்ல ஆர் சேக்கிறது? ரெண்டையும் ஒரு தட்டில வைக்காதையும்.

மூதூர் அம்மா:
சவுண்ட் தம்பி, அந்த ஒரிஜினல் சவுண்ட் பழைய போன்லயும் வருமா? சின்னவள் இப்ப ஆறாம் ஆண்டு, அவளும் சங்கீதந்தான் எடுத்திருக்கிறாள்.

சவுண்ட் அண்ணா:
சூம அப்டேட் பண்ணிட்டுப் பாருங்கோ அக்கா, வராட்டி எனக்கு எழுதுங்கோ.

உவர்மலை டீச்சர்:
சேர் சொன்னதுக்காக இல்ல, நானும் இப்ப ஒரு வேலை செய்யிறன். பாதிப் பாட்டில சத்தத்தக் குறைச்சு ஒண்டுமில்லாம ஆக்கிடுவன், கொஞ்சத்தால திரும்பக் கூட்டுவன், பிள்ளையள் எங்க நிக்குதுகள் எண்டு அப்ப தெரியும். முதல்ல எல்லாரும் இறங்கித்தான் போனதுகள். இப்ப ரெண்டு மூண்டு பேர் நிக்குதுகள். அந்தப் பிள்ள இன்னும் போனத்தான் பாக்கிறா, அதனால போனக் கவிட்டு வச்சிருக்கிறன். போன் கொண்டுவாறதுக்கு அதிபரிட்ட கடிதம் குடுக்கோணும் எண்டு இப்ப புதுசா ஒண்டு தொடங்கியிருக்கு, அத இன்னொரு நாள் எழுதுறன்.