ரவுட்டரில் பிஸிபாக்ஸ் இருக்கிறது, மூலநிரல் தர மறுக்கிறார்கள்: யாரிடம் முறையிடுவது?

அலைவரிசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டில் மாலை நேரங்களில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துவிடுவதால், காரணம் தேடி ரவுட்டருக்குள் டெல்நெட் (இன்னொரு கணினியிலிருந்து கட்டளைகள் தட்டும் வழி) மூலம் நுழைந்து பார்த்தேன். முதல் வரியிலேயே பிஸிபாக்ஸ் 1.19.4 என்று வந்தது; சிறு சாதனங்களுக்கான அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு அது. கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பதிப்பைக் கேட்டால் லினக்ஸ் 2.6.36 என்றது. இரண்டுமே, நிரலை விநியோகிப்பவர் மூலநிரலையும் (நிரலாளர் எழுதிய வடிவம்) தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருபவை என்பதால், அதைத் தருமாறு விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "மென்பொருள் எங்கள் இரகசியச் சொத்து, அதில் கைவைத்தால் உத்தரவாதம் ரத்தாகும்" என்று பதில் வந்தது.

இது உரிம மீறல்தானா? ஆம் எனில் யாரிடம் முறையிட வேண்டும்? நிறுவனத்தின் பெயரை இப்போதைக்கு இங்கே குறிப்பிடவில்லை.

கற்றுக்குட்டி

பெயரைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டால் மறுநாளே வழிக்கு வருவார்கள் என்பது என் கருத்து. கூடவே, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நிரல்மேடு

கற்றுக்குட்டி சொன்ன இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர் சேவையில் பதில் எழுதுபவர் ஜிபிஎல் என்ற சொல்லையே கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருடைய பதிலை நிறுவனத்தின் முடிவாகக் கொள்ள முடியாது. உரிமத்தின் மூன்றாம் பிரிவின்படி, இயங்குநிரலை (கணினி நேரடியாக இயக்கும் வடிவம்) விற்பவர் மூலநிரலையும் கூடவே தரலாம். அல்லது கேட்கும் எவருக்கும் நகலெடுத்து அனுப்பும் செலவுக்கு மிகாத தொகையில் தருவதாக, குறைந்தது மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்துப்பூர்வ உறுதிமொழியைத் தரலாம். அந்த உறுதிமொழி உங்கள் பெட்டிக்குள்ளேயே எங்காவது இருக்கக்கூடும். கையேட்டின் கடைசிப் பக்கம், மடித்து வைத்த துண்டுத்தாள், ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் உரிமங்கள் பற்றிய பகுதி ஆகியவற்றைப் பொறுமையாகப் பாருங்கள். பார்க்காமல் "மீறல்" என்று எழுதிவிட்டுப் பிறகு பின்வாங்க நேர்ந்தால், அடுத்த கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அடுத்தது சான்று. நிறுவனத்தின் தளத்தில் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருள்) கோப்பு கிடைக்குமானால் அதைத் தரவிறக்கி, தேதி, முகவரி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா256 சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஃபர்ம்வேரைப் பிரித்துக் காட்டும் பின்வாக் கருவியால் அதைப் பிரித்தால் உள்ளே இருக்கும் கோப்பமைப்பும் பிஸிபாக்ஸும் தெரிந்துவிடும். டெல்நெட் திரையின் படத்தைவிட இது வலுவானது. ஏனெனில் அந்தக் கோப்பைப் பொதுமக்களுக்கு அவர்களே விநியோகிக்கிறார்கள்.

யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். உரிமத்தை நிலைநாட்டும் அதிகாரம் பதிப்புரிமை உடையவருக்கே உண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. வழக்குத் தொடுக்கும் உரிமை படைப்பின் உரிமையாளரிடமோ பிரத்தியேக உரிமம் பெற்றவரிடமோதான் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன்னிடம் பதிப்புரிமை உள்ள குனு நிரல்களுக்காகச் செயல்படும்; பிஸிபாக்ஸும் லினக்ஸும் அதில் சேரா. அவற்றின் உருவாக்குநர்கள் சிலருக்காகச் செயல்படுவது சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்னும் அமைப்பு. லினக்ஸ் உரிமத்தைக் கடைப்பிடிக்க வைக்கும் அதன் திட்டம் 2012இல் தொடங்கியது. ஆனால் அவர்களிடம் போவதற்கு முன், நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு மரியாதையான ஒரு கடிதத்தை மின்னஞ்சலிலும், ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலிலும் அனுப்பிப் பாருங்கள்.

பகிரங்கப்படுத்துவதைப் பற்றி ஒரு சொல். அறக்கட்டளையும் கன்சர்வன்சியும் 2015இல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறைகளில், நோக்கம் உரிமத்தைக் கடைப்பிடிக்க வைப்பதே என்றும், நீதிமன்றம் கடைசி வழி என்றும், தொடக்கத்தில் இரகசியம் காப்பது பலன் தரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அனுபவமும் அதுதான். பெயர் வெளிவந்த பிறகு விவகாரம் பொறியாளர் மேசையிலிருந்து வழக்கறிஞர் மேசைக்குப் போய்விடும். அங்கிருந்து மூலநிரல் வந்து நான் பார்த்ததில்லை.

கற்றுக்குட்டி

விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம்: "நாங்கள் பிஸிபாக்ஸில் எதையும் மாற்றவில்லை, அதன் தளத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் சொன்னால்?

நிரல்மேடு

அது செல்லாது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் விநியோகிப்பவருக்குக் கடமை உண்டு. தனக்குக் கிடைத்த உறுதிமொழியை அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றும் சலுகை வணிக நோக்கில்லாத விநியோகத்துக்கு மட்டுமே. பொருளை விற்பவருக்குக் கிடையாது.

அலைவரிசை

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். நிரல்மேடு ஐயா சொன்னது சரியாகிவிட்டது. கையேட்டில் மின்சாரப் பாதுகாப்பு எச்சரிக்கைகளுக்குக் கீழே, உருப்பெருக்கி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் அந்த உறுதிமொழி இருந்தது. அதில் கண்ட முகவரிக்கு எழுதினேன். 19ஆம் நாள் ஒரு கோப்புத் தொகுப்பு வந்தது. திறந்து பார்த்தால் கெர்னல் மூலநிரல் மட்டுமே இருக்கிறது, எந்தெந்த அமைப்புகளோடு உருவாக்கினார்கள் என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பு இல்லை. பிஸிபாக்ஸ் அடியோடு இல்லை. வைஃபை இயக்கி (வைஃபை சில்லை இயக்கும் நிரல்), கம்பைல் செய்த, அதாவது இயங்குநிரலாக மாற்றப்பட்ட, ஒரே கோப்பாக உள்ளது. இதை ஏற்றுக்கொள்வதா?

நிரல்மேடு

மறுப்பைவிட இந்த அரைகுறைத் தொகுப்புதான் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் சில்லு தயாரித்தவர் கொடுத்ததை ரவுட்டர் நிறுவனம் பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கும். முழுமையான மூலநிரல் என்பதில் எல்லா நிரல்கூறுகளும், கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளும் (கட்டளைக் கோப்புகள்) அடங்கும் என்று மூன்றாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எனவே அவர்கள் அனுப்பியதை வைத்து உண்மையிலேயே கம்பைல் செய்து பாருங்கள். எந்த இடத்தில், எந்தப் பிழைச்செய்தியோடு நிற்கிறதோ அதை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள். "முழுமையாக இல்லை" என்று எழுதினால் விவாதிப்பார்கள். பிழைச்செய்தியைக் காட்டினால் அவர்களுடைய பொறியாளருக்கே புரிந்துவிடும்.

வைஃபை இயக்கியை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். கெர்னலோடு இணையும் மூடிய நிரல்கூறு உரிமத்துக்கு உட்பட்டதா என்பது பல ஆண்டுகளாக நீளும் வாதம். அதைச் சேர்த்தால் மறுப்பே இல்லாத பிஸிபாக்ஸும் அதோடு சிக்கிக்கொள்ளும்.

கொடித்தடம்

இடையில் ஒரு கேள்வி: தொலைக்காட்சி வாங்கியவராகவே கன்சர்வன்சி வழக்குப் போட்டதாக நினைவு. அப்படியானால் வாங்கியவருக்கும் உரிமை இருக்கிறதல்லவா?

நிரல்மேடு

அது விஸியோ நிறுவனத்தின் மீது 2021 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கு. உரிமத்தை ஒப்பந்தமாகவும் வாங்குபவரை அதன் பயனாளியாகவும் கொள்ளும் வாதம் அது. அந்த ஊர் ஒப்பந்தச் சட்டத்தில் நிற்பது. இங்கே அதை மேற்கோள் காட்டி மிரட்டுவதால் பயனில்லை. 2003இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரல் வெளிவந்ததும் உருவாக்குநர்களும் பயனர்களும் விடாமல் கேட்டதால்தான். ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது அதிலிருந்து.

அலைவரிசை

நேற்று இரவு கம்பைல் செய்து பார்த்தேன். கம்பைல் செய்யும் படிகளைச் சொல்லும் மேக்ஃபைல் கேட்கும் கோப்புறை ஒன்று தொகுப்பிலேயே இல்லாததால் இரண்டாம் நிமிடத்திலேயே நின்றுவிட்டது. அந்த வரியையும், பிஸிபாக்ஸ் விடுபட்டதையும் மட்டும் குறிப்பிட்டு இன்று காலை இரண்டாவது கடிதத்தை அனுப்பினேன். 30 நாட்களில் பதில் இல்லையெனில் எல்லாக் கடிதங்களையும் கோப்பின் சரிபார்ப்புத் தொகையோடு கன்சர்வன்சிக்கு அனுப்பிவிட்டு இங்கே தெரிவிக்கிறேன். மாலையில் இணைப்பு அறுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.