கேட்டால்தான் சொல்வார் அந்த நோயாளி

செவிலியர், ஏற்காடு அடிவாரம்:

ஆன்லைன் வகுப்பில் படித்தது எது நேரில் கைகொடுத்தது என்று இங்கே கேட்டிருந்தார்கள். எனக்குக் கைகொடுத்தது ஒரு கேள்வி: "ராத்திரி எங்கே படுத்திருந்தீர்கள்?"

2020 ஊரடங்கில் கல்லூரி மூடிக் கிடந்தது. வார்டுக்குப் போக வழியில்லை. எங்கள் ஆசிரியை இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் நோயாளியாக வந்து உட்கார்ந்துவிடுவார். கேட்டால்தான் பதில், கேட்காததை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "நாடி பார்க்கிறேன்" என்று எழுதினால் எண் வரும். நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் வந்தவர் 30 வயதுப் பெண். விடியற்காலை 4 மணிக்கு வயிற்றுவலி, வாந்தி. முதல் நாள் சாப்பாட்டைப் பற்றியே எல்லோரும் துருவித் துருவிக் கேட்டோம். ஒருத்தி மட்டும், பாம்புக்கடியாக இருக்குமோ, ரத்தம் உறைகிறதா பார்ப்போம் என்றாள். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கும் சோதனை அது. உறைந்திருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியானால் விஷமில்லை என்று நிம்மதியாகக் குளுக்கோஸ் ஏற்றினோம். சற்று நேரத்தில், "நோயாளி மூச்சு விடவில்லை" என்று ஒரு வரி. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடித்தது கட்டுவிரியன், ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும் பாம்பு. கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, பல்தடமும் பல நேரம் தெரியாது. அதன் விஷம் தாக்குவது நரம்பை. ரத்தத்தை உறையவிடாமல் கெடுப்பது கண்ணாடி விரியனின் வேலை. ஆகவே குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்பதற்காகக் கட்டுவிரியனை மறந்துவிட முடியாது.

மூன்று வருடம் கழித்து ஒரு விடியற்காலை, மலைச்சரிவுக் குடியிருப்பிலிருந்து ஓர் அக்காவை அவர் கணவர் பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார். வயிற்றுவலி என்றார். என் வாய் தானாகக் கேட்டது: "ராத்திரி எங்கே படுத்திருந்தீர்கள் அக்கா?" தரையில் பாய் போட்டு என்றார். நரம்பு தளர்ந்திருக்கிறதா என்று அறிய மேலே பார்க்கச் சொன்னேன். கருவிழி ஏறியது, இமை அதோடு சேர்ந்து ஏறவில்லை. பாதிக் கண்ணை மூடியபடி நின்றுவிட்டது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னேன், முடியவில்லை. உடனே மருத்துவரை எழுப்பினோம். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றி, 108-இல் ஆம்பு பையோடு (மாஸ்க் வைத்துக் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார்.

108 மருத்துவ உதவியாளர், ஏற்காடு:

அக்கா, ஆம்பு பை என்று படித்ததும் எழுதத் தோன்றியது. என்ன கேட்பது என்று போன் சொல்லித்தரும், கைக்குச் சொல்லித்தராது. பயிற்சியில் "மாஸ்க்கைப் பொருத்தவும்" என்ற பொத்தானை அழுத்தி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உண்மையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை மேலிருந்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். எலும்பை விட்டுச் சதையை அழுத்தினால் மூச்சுவழியே அடைபடும். ஏற்காட்டிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு சாயும், விரல் நழுவும், மாஸ்க்கின் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று போய்விடும். 6 நொடிக்கு ஒரு முறை அழுத்தி, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். பயிற்சிப் பொம்மையை வைத்து, பக்கத்தில் ஒருவர் தோளைப் பிடித்து ஆட்ட ஆட்டத்தான் இது பழகும். எங்கள் சீனியர் அண்ணன் எனக்கு அப்படித்தான் பழக்கினார். ஆன்லைனே போதும், பொம்மைக்கு எதற்குச் செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

செவிலியர் ஆசிரியை, சேலம்:

கோபம் நியாயம்தான், தம்பி. பொம்மை இல்லாத பயிற்சி அரைப் பயிற்சி. வாட்ஸ்அப்பில் நடிக்கும் நோயாளிக்குக் கேஸ் எழுதுவதிலும் நான் முதலில் தவறினேன். ஆங்கிலப் பாடநூலை அப்படியே மொழிபெயர்த்ததால் என் நோயாளி "இமைகள் தொய்ந்துள்ளன" என்று பேசினார். யார் அப்படிப் பேசுவார்கள்? பிறகு புறநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து, காதில் விழுந்ததையெல்லாம் எழுதிக்கொண்டேன். கண் சொருகுகிறது, தொண்டையை அடைக்கிறது, கிறுகிறுவென்று வருகிறது. மருமகளைக் கேட்டால் மாமியார் பதில் சொல்வதையும் சேர்த்தேன். "அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று சொல்லத் தெரிந்த மாணவிக்குத்தான் நாள் தள்ளிப்போன விஷயம் கிடைக்கும்.

இன்றிரவு 9 மணிக்கு வருபவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், வயது 52. "நெஞ்சைக் கரிக்கிறது, சோடா குடித்தும் ஏப்பம் வரவில்லை" என்கிறார். மேற்கொண்டு நீங்கள் கேளுங்கள்.