மூன்று சப்வூஃபர் இருந்தும் இரு வரிசைக்கும் ஒரே பேஸ் இல்லை: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் ஹோம் தியேட்டர் அறை 5.7 மீட்டர் நீளமும் 4.3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட செவ்வக அறை. திரை 4.3 மீட்டர் அகலமுள்ள சுவரில் இருக்கிறது. முன்வரிசையில் அமர்பவரின் தலை திரைச் சுவரிலிருந்து ஏறத்தாழ 2.9 மீட்டரிலும், பின்வரிசையில் அமர்பவரின் தலை 5.1 மீட்டரிலும் இருக்கின்றன. ஒரே மாதிரியான 12 அங்குல போர்ட் வகை (பெட்டியில் காற்றுத் துளை உள்ள) சப்வூஃபர்கள் இரண்டை முன்பக்க மூலைகளில் வைத்திருந்தேன். முன்வரிசையில் பேஸ் மெலிந்து கேட்டதால், மூடிய பெட்டி வகையைச் சேர்ந்த 10 அங்குல சப்வூஃபர் ஒன்றை வாங்கி இடது மூலையில் உள்ளதற்கு அருகிலேயே வைத்தேன். முன்வரிசையில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. பின்வரிசையில் ஏற்கெனவே இருந்த இரைச்சல்தான் கூடியது.

அளவீட்டு மைக்கையும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளையும் கொண்டு அளந்து பார்த்தேன். முன்வரிசை நடு இருக்கையில் 30 ஹெர்ட்ஸை ஒட்டி, சுற்றியுள்ள அளவைவிட 14 டெசிபெல் ஆழமான பள்ளம் இருக்கிறது. பின்வரிசையில் அதே அதிர்வெண்ணில் 9 டெசிபெல் மேடு இருக்கிறது. ரிசீவரின் தானியங்கி அளவீட்டை ஓட்டினால் அது முன்வரிசைப் பள்ளத்தை நிரப்ப முயன்று பின்வரிசையை இன்னும் கெடுத்துவிடுகிறது. நான்காவது சப் வாங்குவதா, சுவரில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பதிப்பதா, அல்லது அதிர்வெண் வாரியாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஏதேனும் வழி இருக்கிறதா என்று தெரியாமல் குழம்பியிருக்கிறேன். அருள்கூர்ந்து வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1

நண்பரே, உங்கள் கருவிகளில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் அளந்திருப்பது உங்கள் அறையின் நீளத்தைத்தான். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 30 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. அதுவே நீளவாக்கில் உண்டாகும் முதல் ஒத்ததிர்வு, அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்புவதால் தேங்கி நிற்கும் அலை. இதில் அழுத்தம் முன்சுவரிலும் பின்சுவரிலும் உச்சமாகவும், அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். 5.7 மீட்டரின் பாதி 2.85 மீட்டர், உங்கள் முன்வரிசை அந்த இடத்திலேயே அமைந்துவிட்டது, பின்வரிசையோ உச்சத்தின் அருகில் இருக்கிறது. ஒரே அலை ஓர் இருக்கைக்குப் பள்ளமாகவும் மற்றோர் இருக்கைக்கு மேடாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இதே கணக்கில் அகலவாக்கில் முதல் ஒத்ததிர்வு 40 ஹெர்ட்ஸிலும் இரண்டாவது 80 ஹெர்ட்ஸிலும், நீளவாக்கில் இரண்டாவது 60 ஹெர்ட்ஸிலும், உயரவாக்கில் முதலாவது 57 ஹெர்ட்ஸிலும் விழும். சுவர் இலேசான பலகையாக இருந்தாலோ கதவு திறந்திருந்தாலோ இந்த எண்கள் சற்று நகரும்; கணக்கைவிட மைக் சொல்வதையே நம்புங்கள். இடது, வலது இருக்கைகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். இரு முன்மூலைகளிலும் உள்ள சப்கள் ஒரே கட்டத்தில் (ஃபேஸ்), அதாவது ஒரே கணத்தில் தள்ளி ஒரே கணத்தில் இழுத்து, இயங்கும்போது 40 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வை அவை எதிரெதிராகத் தூண்டி அடக்கிவிடுகின்றன. அகலத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இந்த நன்மை நீளத்தில் கிடைக்கவில்லை, ஏனென்றால் சப்கள் அனைத்தும் ஒரே சுவரோரம் நிற்கின்றன. மூன்றாவது சப்பும் அதே சுவரோரம் வந்ததால் அது 30 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுக்கு மேலும் வலுவூட்டியதே தவிர, முன்வரிசைப் பள்ளத்தை நிரப்பவில்லை.

ஈக்வலைசர் இதற்கு மருந்தாகாது. எல்லா இருக்கைகளிலும் பொதுவாக உள்ள மேட்டை மட்டுமே ஈக்வலைசரால் வெட்ட முடியும். ஓரிடத்தில் பள்ளமும் மற்றோரிடத்தில் மேடும் இருக்கும்போது ஒன்றுக்கு நன்மை செய்தால் மற்றதற்குத் தீமை செய்தே ஆக வேண்டும். அதுமட்டுமின்றி, 10 டெசிபெல் உயர்த்துவதற்கு ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு மின்திறன் தர வேண்டும். அந்தத் திறனின் பெரும்பகுதி பள்ளத்தில் வீணாகும். பலகைகளும் இங்கே உதவா. 30 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 மீட்டருக்கு மேல் என்பதால் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள பஞ்சுப் பலகை அதைப் பொருட்படுத்தாது. அவை மேல் அதிர்வெண்களுக்கு நல்லவை, ஆனால் இந்தச் சிக்கலுக்கு அல்ல.

ஆகவே புதிதாக எதையும் வாங்காதீர்கள். 10 அங்குல சப்பை இப்போதைக்கு அணைத்துவிடுங்கள். இரண்டு 12 அங்குல சப்களில் ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றொன்றைப் பின்சுவரின் நடுவிலும் வையுங்கள். ரிசீவரின் ஒரே சப் வெளியீட்டிலிருந்து பிரிப்புக் கம்பி வழியாக இரண்டுக்கும் சமிக்ஞை கொடுங்கள். அப்போதுதான் ரிசீவர் இரண்டுக்கும் தனித்தனித் தூரமும் அளவும் கொடுத்துச் சமநிலையைக் குலைக்காது. இரண்டின் ஒலியளவுக் குமிழும் ஒரே இடத்தில் இருக்கட்டும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போகும் என்று பிரிப்பது கிராஸ்ஓவர்; சப்பிலேயே உள்ள கிராஸ்ஓவர் குமிழை உச்சத்தில் விட்டுவிடுங்கள். தானாக உறங்கும் வசதி இருந்தால் அளவீட்டின்போது அதை நிறுத்திவையுங்கள். பாதி அளவீட்டில் ஒரு சப் உறங்கிவிட்டால் வரைபடம் முழுவதும் பொய்யாகிவிடும்.

மறுமொழி 2

மேலே சொன்ன இடமாற்றத்தை நானும் ஆமோதிக்கிறேன். ஆனால் பின்சுவர் சப் முன் சப்பைப் பார்த்தபடி எதிர்த்திசையில் ஒலியைத் தள்ளுவதால், அதன் கட்டத்தை 180 பாகைக்குத் திருப்பிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும் அல்லவா?

மறுமொழி 1 எழுதியவர்

இந்த ஐயம் பலருக்கும் எழுகிறது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன். சப்வூஃபர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது இந்த அதிர்வெண்களில் பொருட்டே அல்ல. அது எல்லாத் திசைகளிலும் சமமாகவே அழுத்தத்தைப் பரப்புகிறது. 30 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வில் முன்சுவரில் அழுத்தம் ஏறும் கணத்தில் பின்சுவரில் அது இறங்கும். எனவே இரு சப்களும் ஒரே கட்டத்தில் தள்ளினால், ஒன்று அந்த அலைக்கு ஊட்டமளிக்கும்போது மற்றது அதைப் பிடித்து இழுக்கிறது. ஒத்ததிர்வு எழும்பவே முடியாது. அழிய வேண்டியது அதுதான். கட்டத்தைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து அதை இரு மடங்கு வலுவாகத் தூண்டும். போதாக்குறைக்கு, அறையின் நடுவில் இரு சப்களின் ஒலியும் சம தூரத்திலிருந்து எதிர்க் கட்டத்தில் வந்து சேர்வதால் முன்வரிசையில் பேஸ் ஏறக்குறைய மறைந்தே போகும்.

பின்பக்க சப்களைத் தலைகீழாக்கும் முறை ஒன்றும் உண்டு என்பது உண்மையே. முன்சுவர் முழுவதும் சப்களை வரிசையாகப் பரப்பி, பின்சுவரிலும் அவ்வாறே பரப்பி, பின்சுவர் சப்களுக்கு அறையின் நீளத்தை ஒலி கடக்கும் நேரம், அதாவது இந்த அறைக்கு ஏறத்தாழ 16.6 மில்லிநொடி, தாமதமும் கொடுத்து, வந்து சேரும் அலையைப் பின்சுவரிலேயே விழுங்கச் செய்வார்கள். தாமதமும் பரப்பும் இல்லாமல் கட்டத்தை மட்டும் திருப்புவது அந்த முறை ஆகாது.

கேட்டவர்

உங்கள் விளக்கத்துக்கு மிக்க நன்றி. பின்சுவர் நடுவில் சப்புக்கு இடம் ஒதுக்குவதற்காகப் பின்வரிசை சோபாவை 25 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினேன். இப்போது தலை 4.85 மீட்டரில் இருக்கிறது. கட்டக் குமிழ்கள் இரண்டையும் சுழியத்தில் வைத்து, மூன்று மூன்று இருக்கைகளாக ஆறு இடங்களிலும் வரைபடத்தின் ஏற்ற இறக்கங்களை மென்மையாக்காமல் அளந்தேன்.

30 ஹெர்ட்ஸில் இரு வரிசைகளுக்கும் இடையே 23 டெசிபெல்லாக இருந்த வேறுபாடு இப்போது 4 டெசிபெல்லாகக் குறைந்திருக்கிறது. முன்வரிசையில் இதுவரை கேட்டிராத ஆழம் கேட்கிறது. ஆனால் 60 ஹெர்ட்ஸில் முன்வரிசையில் 9 டெசிபெல், பின்வரிசையில் 5 டெசிபெல் என்று புதிதாக மேடுகள் எழுந்துள்ளன. இரு வரிசைகளிலும் ஓர இருக்கைகளில் 80 ஹெர்ட்ஸை ஒட்டிப் பள்ளம் தெரிகிறது. நடு இருக்கைகளில் அது இல்லை. பழைய சிக்கல் போய்ப் புதிய சிக்கல் வந்ததா என்று கவலைப்படுகிறேன்.

மறுமொழி 1 எழுதியவர்

கவலைப்பட வேண்டாம், 60 ஹெர்ட்ஸ் மேடு நாம் விரும்பத்தக்க வகைச் சிக்கல். நீளவாக்கில் இரண்டாவது ஒத்ததிர்வுக்கு முன்சுவர், பின்சுவர், அறை நடு ஆகிய மூன்றுமே உச்சங்கள். அதை உங்கள் இரு சப்களும் சேர்ந்தே தூண்டுகின்றன. ஆனால் மேடு எல்லா இருக்கைகளிலும் இருப்பதால் இப்போது ஈக்வலைசருக்கு வேலை வந்திருக்கிறது. 60 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் வெட்டினால் முன்வரிசையில் 3 டெசிபெல் மேடு எஞ்சும், பின்வரிசை ஏறத்தாழச் சமமாகும். வெட்டுவதால் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமையும் குறைகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: பின்வரிசையை இதற்கு மேல் முன்னே நகர்த்தாதீர்கள். அறை நீளத்தின் முக்கால் பங்கான 4.3 மீட்டரில் இந்த ஒத்ததிர்வின் பள்ளம் காத்திருக்கிறது.

80 ஹெர்ட்ஸ் கதை வேறு. அகலவாக்கில் இரண்டாவது ஒத்ததிர்வுக்குச் சுவர்களும் நடுவும் உச்சங்கள், அகலத்தின் கால் பங்கும் முக்கால் பங்கும் பள்ளங்கள். உங்கள் ஓர இருக்கைகள் பக்கச் சுவரிலிருந்து ஒரு மீட்டரைத் தாண்டி இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது கால் பங்கு இடம்தான். இதை ஈக்வலைசரால் சமன் செய்ய இயலாது.

மறுமொழி 3

இந்த 80 ஹெர்ட்ஸ் பள்ளத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொரு சப் வைப்பது. பக்கச் சுவர் நடுவில் உள்ள சப்கள் 60, 80 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுகள் இரண்டையும் மற்ற இரண்டு சப்களுக்கு எதிராகத் தூண்டும். ஆகவே இரு திசைகளிலும் முதல் இரண்டு ஒத்ததிர்வுகளும் அடங்கிவிடும். ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்டி 2002ஆம் ஆண்டு ஆடியோ பொறியியல் சங்கத்தில் அளித்த ஆய்வும் செவ்வக அறைகளுக்கு இந்த அமைப்பைச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கண்டது. எதிரெதிர்ச் சுவர் நடுவில் இரண்டு வைப்பதே பெரும்பங்கு நன்மையைத் தந்துவிடும் என்றும், நான்குக்கு மேல் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றும் அதில் சொல்லப்பட்டது. ஆனால் நான்கும் ஒரே வகையாக இருந்தால்தான் இந்தக் கழித்தல் சரியாக நடக்கும். உங்கள் 10 அங்குல சப் மூடிய பெட்டி. போர்ட் வகையின் கட்டம் அதன் போர்ட் அதிர்வெண்ணை நெருங்கும்போது வேகமாகச் சுழலும், மூடிய பெட்டியில் அவ்வாறு சுழலாது. இரண்டையும் கலக்க விரும்பினால் ஒவ்வொரு சப்பையும் ஒவ்வோர் இருக்கையிலும் தனித்தனியாக, நேரக் குறிப்புச் சமிக்ஞையுடன் (ஒலி வந்துசேரும் நேரத்தை ஒப்பிட உதவும் பொதுச் சமிக்ஞை) அளந்து, மல்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து, அது தரும் தாமதங்களையும் வடிகட்டிகளையும் டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) பெட்டியில் ஏற்ற வேண்டும். அது ஒரு வார இறுதி வேலை.

இரண்டாவது வழி எளிது. உங்கள் முன் ஸ்பீக்கர்கள் தரையில் நிற்கும் பெரிய வகையாக இருந்தால் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். இடது, வலது ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அகலத்தின் கால், முக்கால் பங்கில்தான் நிற்கும். அவ்விடத்திலிருந்து 80 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வைத் தூண்டவே முடியாது. எல்எஃப்இ தடத்தின் (படங்களில் ஆழ்ந்த பேஸ் ஒலிகளுக்கென்றே உள்ள தனித் தடம்) ஒலி மட்டும் 120 ஹெர்ட்ஸ் வரை சப்களிலிருந்தே வரும் என்பதால் தீர்வு முழுமையாகாது, ஆனால் இசையிலும் படங்களின் பெரும்பகுதியிலும் வேறுபாடு தெரியும்.

கேட்டவர்

என் முன் ஸ்பீக்கர்கள் தரையில் நிற்பவைதான். கிராஸ்ஓவரை 60க்கு மாற்றி, ஈக்வலைசர் வெட்டையும் இட்டு, தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டினேன். முன்வரிசைக்கு 2.9 மீட்டரே உள்ள சப்பின் தூரத்தை ரிசீவர் 6.1 மீட்டர் என்று காட்டுகிறது. இதை நாடாவால் அளந்த எண்ணுக்குத் திருத்த வேண்டுமா?

மறுமொழி 3

திருத்தாதீர்கள். ரிசீவர் அளப்பது தூரத்தை அன்று, நேரத்தை. சப்பின் உள்ளே இருக்கும் வடிகட்டிகளும் மின்னணுச் சுற்றுகளும் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. கூடுதலாகத் தெரியும் 3.2 மீட்டர் என்பது ஏறத்தாழ 9 மில்லிநொடித் தாமதம்தான். அந்த எண்ணைத் தொடக்கமாகக் கொண்டு, இடது ஸ்பீக்கரையும் சப்களையும் சேர்த்து இயக்கி, தூரத்தை 30 சென்டிமீட்டர் படிகளாக ஏற்றி இறக்கி அளந்து, 50 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை பள்ளம் எதுவும் விழாத எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இருக்கையில் பார்த்து முடிவு செய்யாமல் பின்வரிசையிலும் சரிபாருங்கள்.

கேட்டவர்

6.4 மீட்டரில் இரு வரிசைகளுமே சீராக அமைந்தன. 25 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை ஆறு இருக்கைகளும் இப்போது 6 டெசிபெல் அகலத்துக்குள் அடங்குகின்றன. ஓர இருக்கைகளில் 80 ஹெர்ட்ஸ் பள்ளம் எல்எஃப்இ தடத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது. 10 அங்குல சப்பை மாற்றிக்கொண்டு அதே 12 அங்குல வகையில் இரண்டு வாங்கும் நாள் வரும்போது பக்கச் சுவர் நடுவில் வைத்து அளந்து, வரைபடங்களை இங்கேயே பகிர்கிறேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் என் நன்றி.