புதுப்பிப்பு: கழிஞ்சூர் ஏரிப் பக்கத்து டியூப்லைட் பூச்சி

மழைக்குப் பிறகு காட்பாடியில் டியூப்லைட்டைச் சுற்றிக் கும்பலாக மொய்க்கும் பூச்சியின் படம் போட்டு, இது டெங்கு கொசுவா என்று கேட்டிருந்தேன். இல்லை. கொசு போலவே இருக்கும் சின்னப் பூச்சியான மிட்ஜில் கடிக்காத வகை, கைரோனோமிடே குடும்பம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. குத்தும் நீளமான ஊசிவாய் இல்லை. இறக்கையில் கொசுவுக்கு இருக்கும் செதில்கள் இல்லை. சுவரில் உட்காரும்போது முன்னங்கால்களைத் தூக்கிக்கொள்கிறது. கொசு பின்னங்காலைத்தான் தூக்கும். ஆண் பூச்சியின் உணர்கொம்பு இறகு மாதிரி அவ்வளவு அடர்த்தி!

அப்புறம் ஏரிக்கரைச் சேற்றை வெள்ளைத் தட்டில் கரைத்துப் பார்த்தேன். நெளிந்தவை ரத்தச் சிவப்புப் புழுக்கள், அதாவது இந்தக் குடும்பத்துப் பூச்சிகளின் இளம்பருவம். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கின்றன. மீன் தொட்டிக் கடையில் 'பிளட் வார்ம்' என்று விற்பதும் இந்தக் குடும்பத்துப் புழுதான்.

எந்த இனம்? அதுதான் கஷ்டம். இந்தக் குடும்பத்தில் புகழ்பெற்ற கைரோனோமஸ் புளுமோசஸ் என்ற இனத்துக்கு, உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். அதற்கே அச்சு அசலாக அதே தோற்றத்தில் உடன்பிறப்பு இனங்கள் இருக்கின்றன. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள ராட்சத குரோமோசோம்களின் பட்டைகளைப் பார்த்துத்தான் அவற்றைப் பிரிக்கிறார்கள். ஆகவே படத்தை வைத்து இனப்பெயர் சொல்வது சரியில்லை. என் பதிவில் குடும்பப் பெயரோடு நிறுத்தியிருக்கிறேன்.

சத்துவாச்சாரி, காவேரிப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் ஆண் பூச்சியைப் பக்கவாட்டில், வால் நுனி தெளிவாகத் தெரியும்படி படமெடுத்துப் போடுங்கள். வகைப்படுத்த முதலில் பார்ப்பது அந்த நுனியைத்தான்.